நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட ஹார்ப்

பாரிஸ், மார்ச் மாதம்

அன்புள்ள மாரிவோனுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் பசு கன்று போட்டுவிட்டதா? எனக்காக இதை எழுதுவது எங்கள் இசைக்குழுவில் ஹார்ப் வாசிக்கும் ஜெர்மேன் அம்மாள்.

போன வாரம், எப்போதும்போல அந்த ஆளுயரத் தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துப் படி ஏறும்போது கால் வழுக்கிவிட்டது. அது என்மேல் விழுந்ததால் அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. "மரம் உடைஞ்சா ஒட்டிக்கலாம் பெரியவரே, உங்களை எதை வச்சு ஒட்டுறது?" என்று அம்மாள் திட்டினார். வலது தோளில் கொஞ்சம் நோவு, அவ்வளவுதான்.

நேற்று இரண்டு வாலிபர்கள் அதைத் தூக்கினார்கள். இனி அது அவர்கள் வேலையாம். என்னைச் சபையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். விடியற்கால ஆற்றைப் பற்றிய இசை அது. இத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னால் நின்று, எப்போது முடியும், எப்போது ஹார்ப்பைக் கீழே இறக்கலாம் என்ற நினைப்போடே அதைக் கேட்டிருக்கிறேன். நேற்று எல்லா வாத்தியங்களும் பனிமூட்டம்போல எழும்பி அடங்கின. பிறகு ஹார்ப் மட்டும், தூக்கிய துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதுபோல. அத்தனை கனத்துக்குள் இத்தனை லேசான சத்தமா இருந்தது, மாரிவோன்?

எனக்கு இரண்டு சட்டை தைத்து வை. பொத்தான் பெரியதாக இருக்கட்டும், இடக்கையால் மட்டும் போட வரவேண்டும். இங்கே அனுப்ப வேண்டாம், ஊருக்கு வந்தே போட்டுக்கொள்கிறேன்.

அம்மாளுக்கு ஒத்திகை மணி அடித்துவிட்டது.

உன் மலோ