ஏணியில் நின்ற நோயாளி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். குறிப்பாக உன் அப்பா நன்றாக இருக்கிறார். நடக்கிறார், சாப்பிடுகிறார், ஏணி ஏறுகிறார், என்னோடு சண்டை போடுகிறார். அவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று பெயிண்ட் கம்பெனிக்கு எழுதிப்போட்ட புண்ணியவான் நீதான் என்பதால், இந்த நல்ல செய்தி உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பெயிண்டர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்க அந்தக் கம்பெனி கொடுக்கிற உதவித்தொகைக்கு உன் தங்கை விண்ணப்பம் போட்டாள். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் பில் போடும் வேலை, வேறு வழி நமக்கு இல்லை. தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் பார்த்துத் திருத்தி அனுப்பிவிடு அண்ணா என்று பாவம் உன்னை நம்பிக் கொடுத்தாள். நீ திருத்திய லட்சணம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. வீட்டுக்கு ஒரு போன் பண்ண நேரமில்லாத உனக்கு, பெற்ற அப்பனைச் சாரத்திலிருந்து தள்ளிவிட மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்ததும் உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரார் சுவரை எல்லாம் அடிக்கிறவன் வீட்டுச் சுவர் உரிந்து கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று, அதே கம்பெனி பெயிண்ட் மிச்சம் இருந்த வாளியைத் திறந்து முன்சுவரை அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் ஏணியில் இருக்கும்போதே வந்து நின்றார்கள், ஒரு அதிகாரியும் கேமராவோடு ஒரு பெண்ணும். அந்த அதிகாரி துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, படுக்கையில் இருக்கும் உங்கள் கணவரை முதலில் பார்த்துவிடலாமா என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏணியில் இருப்பது யார் என்று அடுத்த கேள்வி. மகளின் படிப்பு கைநழுவப் போகிறது என்பது மட்டும் புரிந்தது, கூலிக்கு வந்த பெயிண்டர் என்று சொல்லிவிட்டேன். கட்டின புருஷனை அப்படிச் சொன்ன வாய் இது. உன் அப்பா என்னைவிட ஒரு படி மேல். மேலிருந்தபடியே, "வீட்டுக்காரம்மா, இந்தப் பக்கம் இன்னொரு கோட் அடிக்கட்டுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேமராப் பெண்ணோ, பெயிண்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், சுவர் பளிச்சென்று இருந்தால் படத்தில் ஏழ்மை எடுபடாது என்றாள். நோயாளி தூங்குகிறார் என்று நான் கதவை மறித்துக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து உன் தங்கை டம்ளரோடு வந்து, "அப்பா, டீ ஆறுது, இறங்கி வாங்க" என்றாள். குட்டு உடைந்தது. அதிகாரி உன் கட்டுரையை எடுத்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் படித்துத் தமிழிலும் சொன்னார். அப்பா விழுந்த சேதி கேட்டதும் வேலையை உதறிவிட்டு ஓடி வந்து, இரவும் பகலும் அவர் காலடியிலேயே கிடக்கும் தியாகி அண்ணன் ஒருவன் அதில் வந்தான். அவன் யார் என்று எங்களுக்கு அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லாம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் தங்கை உட்காரவில்லை. அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, நேர்காணலுக்கு மட்டும் வரவிடுங்கள், அங்கேயே உண்மையைச் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கினாள். நானும் துணைக்குப் போனேன். தலைமை அலுவலகத்தில் பல் கிட்டுகிற குளிர், பார்க்கும் இடமெல்லாம் கண்ணாடி. பெயிண்ட் கம்பெனியில் பெயிண்ட் அடிக்க ஒரு சுவர் இல்லை, ஆனால் 'சுவரல்ல, உறவு' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். காத்திருந்தவர்களில் ஒருத்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். இன்னொருவர் மகனின் இஸ்திரி போட்ட சட்டையைப் பிடித்துக் கசக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பரீட்சையில் முதலில் வந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே கஷ்டத்தில் முதலில் வரப் போட்டி போட்டன. உங்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று என்னிடமும் ஒருவர் கேட்டார். படுக்கையில் இருந்த புருஷன் எழுந்து நடமாடுகிறார், அதுதான் கஷ்டம் என்றேன்.

உள்ளே அவள், அனுப்பியது என் கட்டுரை இல்லை, நான் எழுதியது இதுதான் என்று தன் பழைய தாளை நீட்டியிருக்கிறாள். திருத்தியது யார் என்று எவ்வளவு கேட்டும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, படித்துப் பார்க்காமல் விட்டது என் தப்பு என்றே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் வேலையை விட்டு ஓடி வந்த அண்ணன் என்று டை கட்டிய ஒருவர் இழுத்தாராம். "அப்பா விழவும் இல்லை, அண்ணன் வரவும் இல்லை, சார்" என்றாளாம். அவர்கள் சிரித்துவிட்டார்களாம். இவள் சிரிக்கவில்லை.

போன வாரம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. என் வயிற்றில் பால் வார்த்தாள். விழா மேடைக்கு அப்பாவும் வர வேண்டுமாம், பெயிண்ட் சிந்திய வேலைச் சட்டையோடு வந்தால் படம் நன்றாக அமையும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பா தன் நல்ல சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறார். கூலிக்குக் கூப்பிட்டால் அந்தச் சட்டை, அப்பாவாகக் கூப்பிட்டால் இந்தச் சட்டை என்று சொல்லிவிட்டார்.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் காப்பி குடிக்காதே, இனிமேல் யாருக்கும் கட்டுரை திருத்தாதே. உன் அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லி உன் தங்கையிடம் மறுபடி கேட்டார். தான் விழுந்த இடத்தில் சிரித்தார், நீ ஓடி வந்த இடத்தில் சிரிக்கவில்லை. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அவனுக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். "நான் விழுந்தா ஓடி வர்றதா அவனே எழுதியிருக்கான். விழறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லு" என்றார். மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா