இன்றைக்கு என்ன வெஞ்சனம்

அக்கா,

நாகல் நகர் காய்கறிக் கடையில் இன்று பச்சை மொச்சையைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு காயை உரித்து மோந்து பார்த்தேன். அவ்வளவுதான், உங்கள் கட்டிலும் நீங்களும் கண்முன் வந்துவிட்டீர்கள். எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அரைக் கிலோ என்றேன்.

புற்றுநோய் முற்றியவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் மனதில் கிடப்பதைப் பேச வைப்பது என் வேலை. கர்ப்பப்பையில் வந்தது ஈரல்வரை பரவி, இனி வைத்தியம் இல்லை என்று உங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் நான் வந்தேன். முதல் நாளே உங்கள் வீட்டுக்காரரையும் மருமகளையும் வாசலுக்குக் கூப்பிட்டு, அக்காவை இனி எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன். படித்த திமிர். அவர்களும் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வாரம் ஒருமுறை வந்தேன். உங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் தந்தது எது என்று எனக்குப் பயிற்சியில் கொடுத்த கேள்வித் தாளில் இருந்ததை அப்படியே கேட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். "நான் இருந்தா என்ன, போனா என்ன தாயி." வலிக்காவது மாத்திரை இருந்தது. இதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

நான்காவது வாரம் நான் உங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் உங்கள் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து காய்ப்பையோடு வந்தார். நீங்கள் தூங்குவதாக நினைத்து, கட்டிலைத் தாண்டி அடுப்படிக்குப் போய், சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைக்கலாம், குழம்பா பொரியலா என்று மருமகளிடம் மெல்லக் கேட்டார். உங்கள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. என்னக்கா என்றேன்.

"முப்பது வருசமா என்னையக் கேக்காம இந்த வீட்டுல அடுப்பு பத்துனதில்ல. இப்ப என்னையத் தாண்டிப் போறாரு. நான் செத்தாச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல."

அப்படிச் சொல்லி வைத்தது நான்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "நீயா? நல்லாத்தான் படிச்ச போ."

நான் அவரைக் கூப்பிட்டு, அக்காவையே கேளுங்கள் என்றேன். பையோடு கட்டில் பக்கம் வந்தார். இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டார். நீங்கள் சுவரை விட்டுத் திரும்பினீர்கள்.

"பையில என்ன இருக்கு?"

கத்திரிக்காயும் மொச்சையும் என்றார்.

"மொச்சையப் போட்டுப் புளிக்கொழம்பு வைக்கச் சொல்லுங்க. உப்பக் கொறைக்கச் சொல்லுங்க, ஒங்களுக்குப் பிரஷர் இருக்கு."

உங்களுக்கு அன்று கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை.

பயம் அதோடு போய்விடவில்லை. எங்கே போகப்போகிறேன், இந்த மனுசனை யார் பார்ப்பார்கள் என்று அடுத்த வாரங்களில் அழுதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் இப்போது சுவரைப் பார்த்து அல்ல, எங்கள் முகத்தைப் பார்த்து அழுதீர்கள். தினமும் காலையில் அவர் வந்து கேட்டார், நீங்கள் சொன்னீர்கள்.

கடைசியாக நான் வந்தபோது குரல் காற்றாகிவிட்டிருந்தது. காதை உங்கள் வாயருகே வைத்துத்தான் கேட்டேன். "அவருக்கு என்னையக் கேட்டுத்தான் பழக்கம். தானா ஒண்ணும் வேணும்னு சொல்லத் தெரியாது. மருமகளத் தினமும் அவருகிட்ட கேக்கச் சொல்லு தாயி."

மருமகளிடம் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். என்ன வெஞ்சனம் வைக்கட்டும் மாமா என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் உங்கள் கட்டில் கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மொச்சை என்றார்.

நான் இன்னும் அதே வேலைதான் பார்க்கிறேன். அந்தக் கேள்வித் தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டு வாசலிலும், எதையும் கேட்காதீர்கள் என்ற அந்தப் பழைய பேச்சைப் பேசுவதில்லை. உள்ளே போனதும் வீட்டாரிடம் ஒன்றைத்தான் விசாரிக்கிறேன்: இவங்க நல்லா இருந்தப்போ, தினம் இவங்ககிட்ட என்ன கேப்பீங்க? சொல்வார்கள். அதை இப்போதே போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டு, கட்டிலில் இருப்பவர் திரும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.