புகுந்த வீடு என்றொரு படம்

தஞ்சாவூர்
6 ஜனவரி 2025

அன்பு ஷமாவுக்கு,

சுகம்தானே? வாட்சப்பில் பக்கம் பக்கமாக எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பி முடித்துவிடுகிறாய். கேட்டால், போன் கூடத்தில் கிடக்கும், எடுக்கிறவர்கள் சத்தமாக வாசிப்பார்கள் என்று காரணம் வேறு. அதனால்தான் தபால்.

இங்கே என் ஸ்கிரீன் பிரிண்ட் கண்காட்சி பதினெட்டாம் தேதி திறக்கிறது. கல்யாணத் தாம்பூலப் பை அச்சடித்துப் பிழைக்கிறவளுக்கு ஒரு கேலரியில் சுவர் கிடைத்திருக்கிறது, நம்புவாயா? எல்லாம் நம் பக்கத்துப் பெண்களின் படங்கள். ஒரே வயலில் வேலை செய்தும் ஆணைவிடக் குறைவாகக் கூலி வாங்குகிற என் அம்மா வேம்புதான் முதல் படம். உன்னை நினைத்தும் ஒன்று செய்திருக்கிறேன். வந்து பார்த்துக்கொள்.

இன்னொரு சேதி. என் பட்டறைக்கு ஆள் வேண்டும். நிறம் கலப்பதில் நம் கல்லூரியில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாரம் மூன்று நாள் வந்தால் போதும். அந்த வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் அடைந்து கிடப்பாய்? வந்துவிடடி.

உன்
பூவிழி


அதிராம்பட்டினம்
11 ஜனவரி 2025

அன்புள்ள பூவிழிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துத்தான் படித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டால் ஏனென்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

வேலை என்று நீ எழுதிய வரியைத் தாண்டி எனக்குக் கண் நகரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வர வேண்டும். மை வாசனை மூக்கிலேயே நிற்கிறது. கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் ஃபாஜில், "ஒன் காக்கா சரின்னா எனக்கும் சரி" என்கிறார். (நான் அண்ணனைக் காக்கா என்றதும் வகுப்பே சிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா?) கபீர் காக்காவிடம் பேச்செடுத்தால், "ஒனக்கு என்னம்மா கொறை வச்சேன்?" என்று கேட்பார். அவர் ஒரு குறையும் வைத்ததில்லை, அதுதான் என் சங்கடம்.

கடைசியில் என் மாமியார் சபிஹா மாமியிடம் சொன்னேன். "மொதல்ல போயி அந்தப் புள்ளையோட வேலையப் பாத்துட்டு வருவோம். கபீர்கிட்ட நான் பேசுறேன்" என்றார். அவர் பேசினால் காக்கா தட்டமாட்டார். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வருகிறோம்.

துஆவுடன்,
ஷமா


அதிராம்பட்டினம்
22 ஜனவரி 2025

பூவிழி,

அன்புள்ள என்று போட இன்றைக்குக் கை வரவில்லை. திறப்பு நாளில் நாங்கள் வந்தோம். நீ கூட்டத்துக்கு நடுவில் நின்றதால் வந்ததும் போனதும் உனக்குத் தெரியாது.

உன் அம்மாவின் படத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி கூட, "நடவு நடுறவள இம்புட்டு நெனச்சிருக்கா பாரு ஒன் கூட்டாளி" என்று பெருமைப்பட்டார். அடுத்த சுவருக்குத் திரும்பினோம். அங்கே பச்சைக் கம்பிக்குப் பின்னால் என் முகம். முன்னால் இடுப்பில் சாவிக்கொத்தோடு என் மாமி. கீழே 'புகுந்த வீடு' என்று பெயர். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "மாமியாருங்க எங்கயும் இப்படித்தான்" என்றாள். மாமி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊரில் பெண் எங்கேயும் போய்ப் புகுவதில்லை, பூவிழி. அவளுக்கென்று வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். இது என் பெயரில் இருக்கிற வீடு. காக்கா சவூதியில், தம்மாமில், தலைமுடி கொட்டும்வரை உழைத்து எனக்காகக் கட்டியது. மாமி அடுத்த தெருவில் தன் வீட்டில் இருக்கிறார். நீ விருந்துக்கு வந்த அன்றைக்கு உனக்குப் பிரியாணி கிளறுகிற அவசரத்தில் சாவியை அவர் கையில் திணித்தவளே நான்தான். யாராவது என்னைக் கொடுமைப்படுத்தியிருந்தால் சண்டை போட்டுவிட்டு எப்போதோ வெளியே வந்திருப்பேன். உயிரையே வைத்திருக்கிற அண்ணனோடு எப்படிச் சண்டை போடுவது?

பட்டுக்கோட்டை வரை பஸ்ஸில் மாமி முக்காட்டை விலக்கவே இல்லை. இறங்கும்போது, "கபீர்கிட்ட நான் பேசல ஷமா. எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஒன்னைய அங்க அனுப்புவேன்?" என்றார். எனக்காகப் பேச இருந்தது அவர் ஒருவர்தான். அந்தப் படத்தைச் செய்வதற்கு முன்னால் நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஷமா


தஞ்சாவூர்
27 ஜனவரி 2025

என் ஷமாவுக்கு,

படத்தைக் கழற்றிவிட்டேன். அச்சடித்த பிரதிகளைக் கிழித்தேன். சட்டத்தில் கட்டியிருந்த துணியில் பதிந்த அச்சையும் கழுவிவிட்டேன், இனி அந்தப் படத்தை அடிக்க முடியாது.

அம்மாவின் படத்தைத் தொடங்குவதற்கு முன்னால் வயல் வரப்பில் உட்கார்ந்து அவளிடம் எல்லாம் கேட்டேன். உன்னைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உன்னை எனக்குத் தெரியும் என்கிற திமிர். உன் மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் சரி, கொடுத்துவிடு. மன்னித்துவிடு. பட்டறையில் உன் இடம் அப்படியே இருக்கிறது.

பூவிழி


அதிராம்பட்டினம்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள பூவிழிக்கு,

உன் கடிதத்தை மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சின்னப் புள்ள, எறங்கி வந்து எழுதியிருக்கு" என்றார். அன்றைக்கே காக்காவை வரச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஷமாவுக்கு அந்த அச்சு வேலைன்னா உசுரு, கபீர். தஞ்சாவூருக்குப் போயிட்டு வரட்டும்."

காக்கா சத்தம் போடவில்லை. கண் கலங்கிவிட்டார். "இத எங்கிட்ட சொல்லக் கூடாதா மாமி? என் தங்கச்சி எதுக்கு பஸ்ஸுல கெடந்து அலையணும்?" என்றார்.

மறுவாரம் செங்கல் வந்து இறங்கியது. மேல் மாடியில் எனக்கே எனக்கென்று ஓர் அச்சுப் பட்டறை எழும்புகிறது. கண்ணுசாமி கொத்தனார் நோன்பு பிறப்பதற்குள் தளம் போட்டுவிடுவாராம். மேஜை, மை, சட்டம் எல்லாம் சென்னையிலிருந்து வருகின்றன. "நீ வாசப்படி எறங்கவே வேணாம்மா" என்று காக்கா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். மாமி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

தெருவே என்னைக் கொடுத்து வைத்தவள் என்கிறது. இது இல்லை, அது இல்லை என்று இனி நான் யாரிடமும் போய் நிற்க முடியாது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. அந்த வேலைக்கு வேறு நல்ல பெண்ணாகப் பார்த்துச் சேர்த்துக்கொள். பட்டறைத் திறப்புக்குக் காக்கா உன்னைப் போனில் அழைப்பார். உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லிவிட்டு நீ வராமல் இருந்துவிடு. உன்னைப் பார்த்தால் உன்னோடு கிளம்பிவிடுவேன்.

துஆவுடன்,
ஷமா