கொண்டை சேர்க்காத உயரம்

ஜூலை 14, திங்கள்

இது ஆபீசில் கொடுத்த டைரி. தேதியும் கிழமையும் அச்சடித்தே இருக்கிறது. ஆறு மாதம் சும்மா கிடந்ததை ஸ்டீபன்ராஜ் சார் எடுத்து நீட்டி, "பெரியவரே, எழுதிப் பழகுங்க" என்றார். திண்டுக்கல்லில் சோலார் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் அவருடையது. நான் காலையில் கதவு திறப்பேன், கூட்டுவேன், டீ வாங்கி வருவேன். கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பேனல் கழுவுவேன்.

எழுபது வயதில் எழுத்துப் படித்தவன் நான். இன்று பஸ்ஸில் வரும்போது ஒரு போர்டு விடாமல் படித்தேன். பூட்டு ரிப்பேர், டைல்ஸ் கடை, பல் ஆஸ்பத்திரி. அந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி இருப்பதே இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது!

என் வீட்டுக்காரி பழனியம்மாள் கேட்கிறாள், "தெனம் எழுத அப்படி என்னதான் நடக்குது?" நடக்காவிட்டாலும் எழுதுவேன்.

ஜூலை 17, வியாழன்

அலமாரி துடைக்கும்போது என் தாளை எடுத்துப் பார்த்தேன். மாதம் ஒரு தடவையாவது பார்த்துவிடுவேன்.

மார்ச்சில் எழுதியது. பொன்னுத்துரையின் மசாலா மில்லில், கூரைமேல் சோலார் போடுவதற்கு முன்னால், எங்கிருந்து நிழல் விழும் என்று பார்க்க வினோலியாவோடு போனேன். ஆபீசில் எல்லா டிசைனும் அவள்தான் போடுகிறாள். முத்தழகுபட்டிப் பிள்ளை. மில்லுக்கு மேற்கே அடுத்தவர் தோட்டத்தில் பதினோரு தென்னை. அவள் அளக்கும் கருவியை எடுத்தாள். "அதெல்லாம் எதுக்குத் தாயி?" என்றேன். நாற்பது வருஷம் தென்னை ஏறினவன். முழங்கால் போன பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு மரத்தைப் பார்த்தால் எத்தனை ஏத்து ஏற வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஏத்துக்கு ஒன்றரை அடி. அவள் சிரித்துக்கொண்டே கருவியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பதினோரு மரத்துக்கும் நானே எழுதினேன். 33, 30, 33 என்று. கீழே கையெழுத்து. அதுவரை ரேகை வைத்தே பழகிய கை. ஒரு ஆபீஸ் ஃபைலில் சோலைமலை என்று இருக்கிறது, என் எழுத்தில்.

ஜூலை 28, திங்கள்

பொன்னுத்துரை வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"ஒரு நாளைக்கு 84 யூனிட்டுன்னு பேப்பர்ல போட்டுக் குடுத்தீக. நல்லா வெயிலடிச்ச அன்னிக்கும் 63 தாண்டல. அந்தப் பேப்பர வச்சு நான் மிளகாத்தூளு மடிக்கவா?"

சார் அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். பிறகு வினோலியாவைக் கூப்பிட்டார். 84 என்பது அவள் போட்ட கணக்கு.

ஜூலை 30, புதன்

சிமுலேஷன் என்றால் என்ன என்று இன்று வினோலியா காட்டினாள். கம்ப்யூட்டருக்குள் அந்த மில்லை அப்படியே கட்டி வைத்திருக்கிறாள். கூரை, பேனல், சுவர். மேலே ஒரு சூரியன். காலை ஏழு மணியை மாலை ஐந்தாக்க அவளுக்கு ஒரு விரல் போதும். நிழல் அதுபாட்டுக்கு நகர்கிறது. இப்படி ஒரு வருஷம் முழுக்க ஓட்டி, இத்தனை யூனிட் வரும் என்று சொல்லிவிடுகிறது.

முதலில் எங்கேயோ தூரத்து ஊர் வெயில் கணக்கைக் கொடுத்திருந்தாளாம். இப்போது நம் ஊருக்குப் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். 84 என்பது 82 ஆனது.

"மிச்சம் எங்க தாத்தா போகுது?" என்றாள்.

"எலி தின்னுருக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வயர் பார்க்கும் ஆட்கள் மில் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். காலை ஒன்பதுக்கெல்லாம் இறங்கிவிட்டார்கள். மத்தியானம் அந்தத் தகரத்தில் யாரும் கால் வைக்க முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

மில்லில் எந்த நேரம் எவ்வளவு கரண்டு வருகிறது என்று போனில் வருகிற கோட்டுப் படத்தை வினோலியா காட்டினாள். மத்தியானம் மலை மாதிரி நிற்கிறது. இரண்டே முக்காலுக்கு மேல் சரிந்துவிடுகிறது. இன்வெர்ட்டர் வைத்த அறை சூடாகி மெஷின் தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறதோ என்று நினைத்து, போன வாரமே ஃபேன் மாட்டச் சொன்னாளாம். மாட்டியும் ஒன்றும் ஆகவில்லை. சிமுலேஷனிலும் சூட்டைக் கூட்டிப் பார்த்தாள். 80-க்குக் கீழே இறங்கவே இல்லை.

சார் கேட்டார், "நிழலப் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார். நாலு மணிக்கு மேலதான் வருது. மர அளவு தாத்தா எடுத்தது. அதுல தப்பு வராது."

டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் பழனியம்மாளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டீ கொடுக்கப் போனேன். திரையில் என் பதினோரு மரமும் நின்றன. இதுவரை அவற்றை நான் பார்த்ததில்லை. சிமுலேஷன் காட்டிய அன்று கூரையைத்தான் பெரிதாக்கிக் காட்டினாள்.

"உங்க மரம்தான். நல்லாருக்கா தாத்தா?"

பச்சையாக மட்டை விரிந்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் குட்டை. மட்டை நுனி 33 அடியில் முடிந்துவிட்டது.

33 என்பது என் கால் நிற்கும் இடம். நின்று, குலைக்குக் கை நீட்டும் இடம். அதற்கு மேலே மட்டை விரியும் கொண்டை இருக்கிறது, பதினாலு அடி. அங்கே யாரும் ஏறுவதில்லை. மரம் ஏறும் எங்கள் ஆட்கள் யாரும் அதை உயரத்தில் சேர்ப்பதில்லை. ஏறுகிற மட்டும்தான் எங்களுக்கு மரம்.

நிழல் விழுவது கொண்டையிலிருந்து அல்லவா?

"டீ ஆறுது தாத்தா" என்றாள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்லத்தான் போனேன். உள்ளே சார் பேசிக்கொண்டிருந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் வினோலியா. காரணம் தெரியலைன்னா அடுத்து வர்ற ஹாஸ்டல் டிசைன மதுரை ஆளுட்ட குடுத்துருவேன். நீ வேற இடம் பாத்துக்க. நான் பொன்னுத்துரைக்கு என்ன பதிலச் சொல்றது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன்.

என்ன தடுக்கிறது? கைநாட்டை அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தாளை ஃபைலிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஒரு தாளுக்காகவா? ஆமாம். ஒரு தாளுக்காகத்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எலி தின்றிருக்கும் என்று சொன்னேனே. நான்தானே அந்த எலி.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயந்திர வகுப்பில் ஜோஸ்பின் டீச்சர், "சோலைமலை அய்யா, உங்க டைரிய நாலு பேரு கேக்க வாசிங்க" என்றார். எனக்கு எழுத்தறிவித்தவர். மறுக்க முடியவில்லை. ஜூலை 14-ஐ எடுத்து வாசித்தேன். பல் ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆபீஸ் லீவு. நேற்றுக் கிளம்பும்போது வினோலியா, "நாளைக்கு மாதா திருநாளு தாத்தா. மில்லு கணக்குச் சரியாகணும்னு ஒரு மெழுகுதிரி ஏத்தப்போறேன்" என்றாள். இந்நேரம் ஏற்றியிருப்பாள்.

தாங்க முடியாமல் பழனியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெஞ்சனத்துக்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தாள்.

"கைநாட்டா இருந்தப்ப ஒம்ம வாயில ஒரு பொய் வந்ததில்ல. எழுத்துப் படிச்சதும் மறைக்கவும் படிச்சிட்டீராக்கும்?"

"பொய் சொல்லலயே. சொல்லாமத்தான இருக்கேன்."

"அந்தப் புள்ளைட்டப் போயி இந்த வியாக்கியானத்தச் சொல்லும், போம்."

சோறு மட்டும் வைத்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சிமுலேஷன் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுகிறாள். கூரைச் சரிவு, பேனல் வரிசை, எந்தப் பேனலை எதோடு சேர்த்தது, எல்லாம். மரம் மட்டும் அதே மரம். என் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் போட்டாள். 33, 30, 33.

கடைசியில் மறுபடி 82.

"நான் படிச்சது எதுவுமே சரியில்லையோ தாத்தா?"

"அப்படியெல்லாம் இல்ல தாயி" என்றேன். வேறென்ன சொன்னேன்? வாயை வச்சுக்கிட்டு எதுக்கு நிக்கிற, சோலை?

ஆகஸ்ட் 20, புதன்

பேனல் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு நானே மில்லுக்குப் போனேன். மத்தியானம் ஒன்றரை. பொன்னுத்துரை கத்தினார்: "என்ன அப்பு, இந்த வெயில்ல அங்கிட்டு எங்க ஏறுறீரு? விழுந்து கிடந்தா ஒம்ம வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"செத்த நேரம்தான், இறங்கிருவேன்" என்றேன்.

ஏணியில் முழங்கால் கெஞ்சியது. சாக்கை நனைத்துத் தகரத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். அது காயக் காயத் தண்ணீர் ஊற்றினேன். கையில் கடிகாரம், தாள், பென்சில்.

எல்லாத் தென்னையின் கொண்டையும் மேற்கே சூரியனுக்குக் குறுக்கே நின்றது. 2.40-க்கு முதல் வரிசையில் ஒரு மட்டை நிழல், விரல் மாதிரி. 2.55-க்கு அந்த வரிசை பாதி. 3.15-க்கு இரண்டாம் வரிசை. 3.50-க்கு மேற்குச் சரிவு முழுவதும். எல்லாவற்றையும் எழுதினேன். வியர்வை விழுந்து ஓர் இடத்தில் எழுத்துக் கலைந்துவிட்டது. அதன்மேலேயே திரும்ப எழுதினேன்.

நாற்பது வருஷம் நான் நின்ற இடத்துக்கு மேலே இருந்ததை இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று எழுதிய தாளை வினோலியாவிடம் கொடுத்தேன். நேரங்களுக்குக் கீழே இதையும் எழுதியிருந்தேன்: "மார்ச் மாதம் நான் கொடுத்த உயரம் கால் நிற்கும் மட்டும். கொண்டை சேர்க்கவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் 14 அடி கூட்ட வேண்டும். இது என் தப்பு. எனக்கு ஆகஸ்ட் 8-ஆம் தேதியே தெரியும். சோலைமலை."

இரண்டு தடவை படித்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். 33-ஐ 47 ஆக்கினாள். ஒவ்வொரு மரமாக, பதினொன்றும். ஓடவிட்டாள். நிழல் விழுந்த பேனல், அதோடு சேர்த்துக் கட்டிய நல்ல பேனலின் கரண்டையும் குறைத்துவிட்டதாம்.

64 என்று வந்தது.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பதிமூணு நாளு."

"ஆமா தாயி."

"தப்பா அளந்ததுக்கு நான் ஒண்ணுமே சொல்லல. நானுந்தான் கருவியத் தூக்கி உள்ள வச்சேன். ஆனா தெனம் டீ கொண்டாந்து வச்சீகளே. வச்சிட்டு என் மூஞ்சியப் பாத்தீகளே."

தாளை எடுத்துக்கொண்டு அவளே சாரிடம் போனாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சார் திட்டவில்லை. "இனிமே கழுவுறது மட்டும் பாருங்க பெரியவரே, அளக்கப் போக வேணாம்" என்றார். ஹாஸ்டல் டிசைன் வினோலியாவுக்கே.

அந்த ஒன்றுக்காகவாவது இன்றைக்குச் சோறு இறங்கியது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டீ வைத்தால், "வச்சிட்டுப் போங்க" என்கிறாள். தாத்தா என்று சொல்வதில்லை.

கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

செப்டம்பர் 6, சனி

மேற்குச் சரிவிலிருந்து இரண்டு வரிசைப் பேனலைக் கழற்றிக் கிழக்குச் சரிவில் மாட்டினார்கள். மிச்சத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டினார்கள். எல்லாம் அவள் புதிதாகப் போட்ட கணக்குப்படி. நான் கீழே நின்று ஏணி பிடித்தேன். "அடுத்தவன் தோட்டத்து மரத்த வெட்டச் சொல்லாம முடிச்சீகளே, அதுவே பெருசு" என்றார் பொன்னுத்துரை.

செப்டம்பர் 11, வியாழன்

79 யூனிட். பொன்னுத்துரை ஆபீசுக்கு மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பினார். சொன்னபடியே 84 போட்ட அந்தப் பேப்பரில் மடித்து. சார் விழுந்து விழுந்து சிரித்தார். வினோலியாவும் சிரித்தாள். நான் இருப்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அதைக் கவனித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஃபைலைத் துடைத்தேன். மார்ச் தாள் அங்கேயேதான் இருக்கிறது. அதன் பின்னால் ஆகஸ்ட் தாளையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறாள். இரண்டிலும் என் கையெழுத்து.

சாயந்திரம் பார்த்தால் என் ஸ்டூலில் ஒரு புதுத் தாள். அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்புக்கு நடுவே சோலார் போடப்போகும் ஒரு வீட்டுக்கானது. ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு கட்டம். ஒன்றில் "கால் நிற்கும் இடம்". இன்னொன்றில் "மட்டை நுனி". அடியில் "அளந்தவர்: சோலைமலை". அதற்கும் அடியில், முன்பு இல்லாத ஒரு வரி: "சரிபார்த்தவர்: வினோலியா".

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்றாள். "சார்ட்டச் சொல்லிட்டேன். காலையில ஆறரை பஸ்ஸு தாத்தா. கருவிய நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க தாயி" என்றேன்.