பத்மாவுக்கு ஒரு சொல்

நவ. 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கோப்பாய் வீதியில் வெள்ளம். சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் பள்ளிக்கூடம்.

பரிசளிப்பு விழாவில் என்னோடு படிப்பிக்கும் பத்மாவுக்குப் பாராட்டு மடலாம், விவாத அணியை இத்தனை வருடம் பழக்கியதற்கு. எழுதுவது நான். அதிபர்: "நாவன்மை, சொல்லாற்றல் எண்டு வடிவாப் போடுங்கோ ரீச்சர்."

எழுதிப் பார்த்தேன். நாவன்மை, சொல்வன்மை, நாநயம். எந்த மேடையிலும் எவருக்கும் பொருந்தும். அடித்துவிட்டேன்.

அவளும் நானும் கம்பஸில் படித்த நாள் ஞாபகம். விவாதத்தின் நடுவில் கரண்ட் போய் மைக் நின்றுவிட்டது. பெடியள் கூச்சல். பத்மா கத்தவில்லை, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். கடைசி வரிசையில் எனக்கும் கேட்டது. வெளியே ஒருவன்: "உவள் சரியான வாய்க்காரியடாப்பா." அன்று அவனும்தான் பேசினான். அவனுக்குப் பெயர் பேச்சாளன். விடுதிவரை சிரித்துக்கொண்டே நடந்தோம். அப்போது எனக்கு அவ்வளவு சிரிக்க வரும்.

நவ. 6, புதன்

வாங்க: பிளாஸ்க், துவாய், தோடம்பழம்.

நாளை பத்மாவுக்குத் தைரொயிட் ஒப்பரேசன், இன்றே வார்ட்டில் சேர்த்துவிட்டார்கள். குரல் நரம்பை ஒட்டிக் கட்டி. குரல் போகவும் கூடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"போனாப் போகட்டுமடி," என்றாள். "என்ரை மனுசன் அதுக்கெண்டே கோயிலிலை நேர்த்தி வைச்சிருப்பார்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வகுப்பிலை என்னடி செய்வன்?"

தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

நவ. 8, வெள்ளி

ஆஸ்பத்திரி. பத்மாவின் கழுத்தில் கட்டு. குரல் இல்லை, வெறும் காற்று. திரும்ப வருமா, டொக்டருக்கும் தெரியாதாம்.

பக்கத்துக் கட்டிலில் குருநகர் அம்மா ஒருவர். டொக்டர் வந்து பயொப்சி, றிப்போட் என்று கடகடவென்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். "எனக்குக் கான்சராம் பிள்ளை."

விளக்கப் போனேன். முதல் வசனமே எனக்கு நீண்டுவிட்டது. பத்மா கைகாட்டி அவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். பத்மா கிசுகிசுத்தாள்:

"அம்மா, கான்சர் எண்டு அவர் சொல்லேல்லை. சோதிச்சாத்தான் தெரியும். வாற கிழமை சொல்லுவினம். இண்டைக்கு நீங்கள் சாப்பிடலாம்."

"உவ்வளவுதானோ சொன்னவர்?"

பத்மா தலையாட்டினாள்.

அவர் மூக்கைச் சிந்திவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பத்மா பக்கம் நீட்டினார். "மீன்குழம்பு. உனக்கும் கொஞ்சம் தரட்டே?"

திரும்பும்போது பஸ்ஸில் மடல் முடிந்தது. ஒரே வரி: இவர் சொன்னால் விளங்கும்.

"உது காணாது ரீச்சர், இன்னும் ரெண்டு வரி போடுங்கோ" என்பார் அதிபர்.

காணும்.