சர்பத் கடைக்குப் போன மீன் ஐஸ்

என் உயிர் மாப்ளே சிலுவைக்கு,

உன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நேராக வந்து இதை எழுதுகிறேன். வயிறு எரிகிறது. யாரிடம் போய்க் கத்துவது? மீன்பிடிப் போட்டில் நான் கத்தும்போது கேட்டுச் சிரிக்க நீ ஒருவன்தான் இருந்தாய்.

எவனாவது தாகத்துக்கு, மீன் கெடாமலிருக்க ஏற்றும் ஐஸை வாயில் போட்டால் நீ என்ன குதி குதிப்பாய்! "ஏலே, துப்புல! எந்தத் தண்ணில உறைய வச்சானோ, எவன் செருப்புக் காலோட மிதிச்சானோ!" அப்படிப்பட்ட உன்னை அந்த ஐஸ்தான் கொன்றது. கரையேறியதும் பள்ளிக்கூட வாசல் கடையில் சர்பத் குடிப்பாயே, அதில் கிடந்தது அதுதான். அங்கே குடித்த பலரும் மஞ்சள்காமாலையில் படுத்தார்கள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். நீ எழவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நீ போன பிறகு ஒருநாள், நம் போட்டுக்கு ஏற்றியது போக மிஞ்சிய ஐஸ் பாளங்களைச் சாக்கு போட்டு மூடிக்கொண்டு ஐஸ் பிளான்டிலிருந்து ஒரு லோடு ஆட்டோ கிளம்பியது. பின்னாலேயே போனேன். அந்தக் கடையில் போய் நின்றது.

சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தேன். வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பாளத்தை ரோட்டில் போட்டு உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பேப்பரிலும் வந்தது. ரோட்டில் அந்த ஈரம் காய்வதற்குள் அடுத்த பாளம் கடையில் இறங்கிவிட்டது. பிளான்டுக்குள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆபீசரிடம் போய்க் கேட்டேன். "சாப்பிடுத ஐஸ் இல்லன்னு தெரிய, மீன் ஐஸ்ல நீலச் சாயம் கலக்கணும்னு ரூல்ஸே இருக்கு அண்ணாச்சி. உங்க போட்டுக்காரங்கதான் வேண்டாம்னு சொல்லுதாவ" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மைதான். நம் போட்டுக்காரர் சங்கத்தில் பேசினால், "நீலம் பட்ட மீனை எவம்ல ஏலம் எடுப்பான்?" என்று என்னையே ஏசுகிறார்கள். உன் பெட்டியைத் தூக்கிய அதே ஆட்கள்! ரூல்ஸை வைத்துக்கொண்டு ஆபீஸ் சும்மா இருக்குமாம், மீனைச் சொல்லிக்கொண்டு இவர்கள் சும்மா இருப்பார்களாம்.

உன் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், மாப்ளே. போன வாரம் நாக்குச் சிவக்க வந்து நின்றாள். "ரோஸ் சர்பத் மாமா. எல்லாரும் குடிச்சாவ" என்றாள்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறாள் என் தங்கச்சி. அவள் உன் பெண்டாட்டி, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உன் மகள் அப்படி வந்து நின்றதற்கு மறுநாள் காலை துணிக்குப் போடும் சொட்டு நீலம் வாங்கிக்கொண்டு போய், அந்த லோடு ஆட்டோவை மறித்து, சாக்கை விலக்கி, பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். கடைக்காரன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். அன்றைக்கு அங்கே ஒரு பிள்ளையும் சர்பத் குடிக்கவில்லை.

இப்போது கேள். என் புகாருக்கு ஆடி அசைந்து வந்த அதே ஆபீசர், கடைக்காரன் ஒரு போன் போட்டதும் ஓடி வந்தார். "சாப்பிடுத பொருள்ல சாயம் கலந்திருக்கீரு. கேஸ் போடுவேன்!"

"போடும் வே! இது மீன் ஐஸ் இல்ல, சாப்பிடுத ஐஸுதான்னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடும்" என்றேன்.

அவர் எழுதவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கம் கூடுகிறது. பிளான்டில் சாயம் கலக்கட்டும், அந்த நீல ஐஸை முதலில் நம் போட்டில் ஏற்றுங்கள் என்று எழுந்து நின்று கேட்பேன். மாட்டோம் என்றால், வண்டி கிளம்பும்போதெல்லாம் பிளான்ட் வாசலில் நீல பாட்டிலோடு நிற்பேன். கேஸ் வரட்டும். உன் மகள் நாக்கில் அந்த ஐஸ் இனி படாது, இது சத்தியம்.

உன் மச்சான்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
அந்தோணி