சீனுவுக்காக அடித்த மணி

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கையால் என் தலையைத் தடவிய அப்பாவுக்கு,

அம்மா போன மாதம் இறந்துபோனாள். இந்நேரம் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். ஆனால் அந்த அழுத்தக்காரி வாயைத் திறந்திருக்க மாட்டாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இராஜபாளையத்தில் ஆம்புலன்ஸ் என்றால் உங்கள் பழைய வேன்தான். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டு, முன்னால் பித்தளை மணி கட்டியிருந்தீர்கள். மில்லில் அடிபட்டவர், பாம்பு கடித்தவர், பிரசவ வலி கண்டவர் எல்லோரும் அதில்தான் போனார்கள். உள்ளே இருப்பவர் உயிரோடு இருந்தால் போகும்போதும் வரும்போதும் மணி அடிப்பீர்கள். உயிர் போயிருந்தால் வண்டி சத்தமில்லாமல் வரும். ஊருக்கே அது தெரியும்.

தம்பி சீனுவுக்கு ஜன்னி கண்ட காலையில் அவனை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினீர்கள். அம்மா நிறைமாதம் என்பதால் வீட்டில் இருந்தாள். சீக்கிரமே தெருமுனையில் மணி கேட்டது.

"ஏட்டி, எம்புள்ள வாரான்!" என்று கஞ்சிக்கு உலை வைத்தாள். படுக்கையை உதறி விரித்தாள்.

நீங்கள் சீனுவைத் துணியால் மூடித் தூக்கி வந்தீர்கள். போகும் வழியிலேயே அவன் உயிர் போயிருந்தது.

"மணி கேட்டுச்சே, மணி கேட்டுச்சே" என்று அம்மா உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஏன் அடித்தீர்கள் அப்பா? அவளை ஏமாற்றவா? நிறுத்த மனம் வரவில்லையா? அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் உங்களை மன்னிக்கவில்லை என்ற எண்ணத்தோடுதான் நீங்கள் கண்ணை மூடினீர்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள், வெளியே சைரன் கேட்டதும் என் கையைப் பிடித்தாள்.

"ஒங்கப்பா அன்னைக்கு மணி அடிச்சுக்கிட்டு வந்தாகள்ல? அவிய தெருமுனையில இருந்து வாசலுக்கு வர்ற வரைக்கும் எம்புள்ள உசுரோட இருந்தாண்டி. அந்தச் செத்த நேரத்த எனக்கு வேற ஆரு குடுப்பா?"

"இத அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"எங்க சொன்னேன்…" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் நெஞ்சு ஆறவே மாட்டேன் என்கிறது.

அம்மாவைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சைரன் இல்லாமல்தான் வந்தது. தெருமுனையில் காத்திருந்து, வேனிலிருந்து கழற்றி வைத்திருந்த உங்கள் மணியை அடித்துக்கொண்டே அதன் முன்னால் நடந்தேன். பார்த்தவர்கள் இந்தக் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வாசல் வந்த பிறகும் என் கை நிற்கவில்லை அப்பா.

அந்த மணியைப் பச்சைக் களிம்பு பிடிக்க விடமாட்டேன். நான் உங்களிடம் வரும் அன்றும் அதை அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். சத்தம் கேட்டால் சீனுவை வாசலுக்கு அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
சீனுவின் அக்கா,
கோதை